கருவை வெளியே தள்ளும் கலம்

[காட்சி: நுணுக்குக்காட்டியின் கீழ், அருகருகே இரண்டு கண்ணாடி வழுக்கிகள்]

வணக்கம். வெள்ளவத்தையில் சாதாரண தர விஞ்ஞான வகுப்பு எடுக்கும்போது, ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை தவறாமல் கேட்கும் கேள்வி இது: “கலத்தைக் கட்டுப்படுத்துவது கரு என்று படித்தோமே சேர், அப்படியென்றால் குருதியில் ஒட்சிசனைக் கடத்தும் செங்குழியம் கருவே இல்லாமல் எப்படி உயிரோடு இருக்கிறது?”

இடப்பக்கம் தெரிவது என் விரல் நுனியிலிருந்து எடுத்த குருதி. வலப்பக்கம் இருப்பது, இன்று காலை கோழிக்கடையில் கேட்டு வாங்கி, அங்கேயே வழுக்கியில் மெல்லியதாக இழுத்த ஒரு துளி. இரண்டுக்கும் சாயமேற்றியிருக்கிறேன்.

[காட்சி: வலப்பக்கம் பெரிதாகிறது, பின்னர் இடப்பக்கம்]

கோழியின் செங்குழியங்கள் நீள்வட்டமாக, ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா நிறக் கருவோடு இருக்கின்றன. என்னுடையவை வட்டமானவை, நடுப்பகுதி வெளிறியிருக்கிறது. உளுந்து வடையைப்போல அங்கே துளை இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். இருபுறமும் பெருவிரலால் அமுக்கிய மா உருண்டையைப்போலக் கலம் அங்கே மெலிந்திருப்பதால் ஒளி கூடுதலாக ஊடுருவுகிறது.

நமது செங்குழியமும் தொடக்கத்திலேயே கருவற்றதன்று. என்பு மச்சையில் வளரும் பருவத்தில் அதற்குக் கரு உண்டு. ஒட்சிசனைப் பிடிக்கும் புரதமான ஈமோகுளோபினை ஆக்குவதற்கான கட்டளைகளைப் பிரதியெடுத்துக்கொண்ட பின்னரே அது கருவை வெளியே தள்ளுகிறது, அருகிலிருக்கும் விழுங்கு கலமொன்று அந்தக் கருவை உட்கொண்டுவிடுகிறது. அதன்பின், ஒட்சிசனைக்கொண்டு கலத்துக்குச் சக்தி ஆக்கும் இழைமணிகளும் நீங்கிவிடுவதால், செங்குழியம் தான் சுமக்கும் ஒட்சிசனைத் தன் சக்தித் தேவைக்குச் செலவிடாமல், குளுக்கோசை ஒட்சிசனின்றியே உடைத்து உயிர்வாழ்கிறது. பிள்ளையின் கேள்விக்கான விடை இதுதான்.

ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் ஒரு கலத்துக்குள் அடங்குகின்றன. ஒவ்வொன்றும் 4 ஒட்சிசன் மூலக்கூறுகளைப் பிடிக்கும். விறைப்பான கரு நடுவில் இல்லாததால், 7 முதல் 8 மைக்குரோமீற்றர் அகலமுள்ள இக்கலம் தன்னைவிட ஒடுங்கிய மயிர்க்குழாய்க்குள்ளும் மடிந்து நுழைந்துவிடுகிறது.

ஆனாலும், கரு இருந்தால் ஒட்சிசனைக் கடத்த முடியாது என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் யானைக்கும் குரங்குக்கும் செங்குழியத்தில் கரு இல்லை. அங்கேயே இருக்கும் கிளிக்கும் முதலைக்கும் உண்டு. கருவோடுதான் பறவைகள் கடல் கடந்து பறக்கின்றன. கருவை நீக்குவது நம்மைப் போன்ற முலையூட்டிகளின் வழி. ஒட்டகத்தின் செங்குழியம்கூட வடிவத்தில் நீள்வட்டமாக இருந்தாலும் கருவற்றதே.

[காட்சி: மண்ணீரலின் வரைபடம்]

கருவை இழந்த கலத்தால் பிரிய முடியாது. பழுதான புரதத்துக்குப் பதிலாகப் புதியதை ஆக்கவும் முடியாது. ஆகவே சுமார் 120 நாட்களில் அதன் மென்சவ்வு நெகிழ்வை இழக்கிறது. மண்ணீரலின் மிக ஒடுங்கிய இடைவெளிகளில் மடிந்து வெளியேற இயலாத முதிர்ந்த கலங்கள் அங்கேயே சிக்கி, விழுங்கு கலங்களுக்கு இரையாகின்றன. அவற்றின் இரும்பு மீண்டும் என்பு மச்சைக்குச் சென்று புதிய ஈமோகுளோபினில் சேர்கிறது. எஞ்சிய நிறப்பொருள் மஞ்சளாக மாறி, ஈரல் வழியே பித்தத்தில் கலந்து குடலை அடைகிறது. மலத்தின் பழுப்பு நிறம் அதிலிருந்தே வருகிறது.