பனி மேல் பழி போடாதீர்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணி நண்பர் பனி பனி என்று அடுக்கிய அடுக்கில், முன்வரிசையில் ஒரு அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். தலைப்பு என்ன? வடக்கு ரஷ்யாவின் துறைமுக ஊரான ஆர்க்காங்கெல்ஸ்க்கில் இருந்த பழைய அங்காடியை வீழ்த்தியது இயற்கையா, அரசாணையா? நெருப்பு, பனி, தூரம் ஆகிய மூன்றும்தான் காரணம் என்று சொல்லிவிட்டுக் கைதட்டலோடு போய் உட்கார்ந்துவிட்டார். அரசாணைதான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

முதலில் நெருப்பு. 1667-ல் அங்காடி எரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் எரிந்தது மரக் கட்டடம். அது எரிந்த கையோடுதான் ரஷ்யப் பேரரசரான ஜார் அலெக்ஸேய் மிகாய்லோவிச் கல்லாலும் செங்கல்லாலும் கட்டச் சொல்லி, 1668-ல் வேலை தொடங்கி, மார்செலிஸ், ஷார்ஃப் என்ற இரண்டு வெளிநாட்டார் ஆரம்பித்து வைத்ததை மாஸ்கோவிலிருந்து வந்த திமீத்ரி ஸ்தார்த்செவ் எடுத்து நடத்தி, 1684-ல் முடித்தார்கள். அதாவது நாம் இன்று பேசிக்கொண்டிருக்கிற அங்காடியே அந்த நெருப்பு பெற்ற பிள்ளை. பெற்றவள் மீதே கொலைப்பழியா?

கட்டச் சொன்னதும் ஆணைதானே என்று நண்பர் கீழே உட்கார்ந்து முணுமுணுக்கிறார். ஆமாம் ஐயா, ஆணைதான். அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன்.

அந்த அங்காடியின் பெயர் கஸ்தீனி துவோர், அதாவது விருந்தினர் முற்றம். பழைய ரஷ்ய மொழியில் விருந்தாளிக்கும் வெளியூர்ப் பெருவணிகனுக்கும் ஒரே சொல்தான். (எவ்வளவு அழகான மொழி, விற்க வந்தவனும் விருந்தாளி!) ஆற்றங்கரையில் ரஷ்ய வணிகருக்கு ஒரு முற்றம், வெளிநாட்டாருக்கு ஒரு முற்றம். இந்த இரண்டாவதற்கு 'ஜெர்மன் முற்றம்' என்று பெயர். வந்தவர் ஆங்கிலேயரோ டச்சுக்காரரோ, அந்தக் காலத்து ரஷ்யப் பேச்சில் மேற்கத்தியர் எல்லாரும் ஜெர்மானியர்தான். இரண்டுக்கும் நடுவே 'கல் நகரம்' என்று ஒரு கோட்டை, சுவரில் சுடுவதற்குத் துளைகள். கடைத்தெருவுக்குக் கோட்டைச் சுவர் கட்டியிருக்கிறார்கள் என்றால் உள்ளே எவ்வளவு பணம் புரண்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1667-ல் வந்த புது வணிகச் சட்டப்படி வெளிநாட்டார் சுங்கத்தைத் தங்கள் ஊர் வெள்ளி நாணயத்தில்தான் கட்ட வேண்டும்.

சரி, பனிக்கு வருகிறேன். சான்ஸலர் என்ற ஆங்கிலேயர் வெண்கடல் வழியாக வந்து இறங்கியது 1553-ல், ஊர் உருவானது 1584-ல். அன்றிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் அதே பனி, அதே உறைந்த த்வினா ஆறு, ஆனாலும் மேற்கு ஐரோப்பாவுக்கு ரஷ்யாவின் முக்கியக் கடல்வாசல் அதுதான். வணிகர்கள் என்ன செய்தார்கள்? பனி இருந்தால் சறுக்குவண்டி என்று, குளிர்காலத்தில் சணலையும் தோலையும் கொழுப்பையும் வோலக்தா என்ற உள்நாட்டு ஊரில் கொண்டுபோய்க் குவித்தார்கள், பனி உருகியதும் அத்தனையையும் படகில் ஏற்றி சுகோனா ஆறு, த்வினா ஆறு என்று நீரோட்டத்தோடு கீழே வந்தார்கள், கோடையில் கப்பல்கள் வர, சந்தை கூட, இலையுதிர்காலத்துக்குள் விற்று முடித்து மூட்டை கட்டினார்கள். பனி அவர்களுக்கு எதிரி இல்லை, காலண்டர்.

அப்புறம் ஜார் முதலாம் பீட்டர் வந்தார். 1693, 1694, 1702 என்று மூன்று தடவை இந்த ஊருக்கு வந்து, இங்கேயே கப்பல் கட்டும் தளம் போட்டு, கடல் ஆசையை வளர்த்துக்கொண்டவர். 1703-ல் பீட்டர்ஸ்பர்க்கைத் தொடங்கினார். 1713-ல் ஆணை: சணல், தோல் போன்ற முக்கியச் சரக்கெல்லாம் இனி புது ஊருக்கே போக வேண்டும். 1722-ல் இன்னும் இறுக்கி, ஆர்க்காங்கெல்ஸ்க்குக்குச் சுற்றுவட்டாரத்துச் சரக்கை மட்டும் விட்டுவைத்தார். கணக்குப் போடுங்கள் நடுவர் அவர்களே. கட்ட 16 வருஷம். கட்டி முடித்து 29 வருஷத்தில் முதல் வெட்டு.

பீட்டர்ஸ்பர்க் ஐரோப்பாவுக்குப் பக்கம், வணிகர்கள் தானாகவே போயிருப்பார்கள் என்றார் நண்பர். தானாகப் போகிறவனுக்கு எதற்கு ஐயா ஆணை? ஒரு தடவை சொல்லிக் கேட்காமல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததே, அதற்கு என்ன அர்த்தம்? பழகிய ஆற்றுவழியை விட்டுப் போக வணிகனுக்கு மனசில்லை என்றுதான் அர்த்தம். இன்னொன்று, பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆறும் குளிரில் உறைகிறதே, அந்தப் பனி மட்டும் நல்ல பனியா?

1762-ல் தடையை எடுத்தார்கள். அதற்குள் சுவர்கள் சிதையத் தொடங்கியிருந்தன. பெரும்பகுதியை இடித்துவிட்டு, 1788-ல் ஆற்றைப் பார்த்து ஒரு வணிக மன்றக் கட்டடம் எழுப்பினார்கள். மிஞ்சியதில் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது.

பீட்டர்ஸ்பர்க்கிலும் நேவ்ஸ்கி சாலையில், அதே கஸ்தீனி துவோர் என்ற பெயரில், 1761-ல் தொடங்கி 1785-ல் முடித்த பெரிய அங்காடி நிற்கிறது. அங்கே இன்றைக்கும் போய்ச் சட்டை வாங்கலாம். ஆர்க்காங்கெல்ஸ்க்கில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்க்கலாம். இதையும் பனிதான் செய்ததா என்று எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவரைச் சொல்லச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே, மணியடிக்கிறீர்கள், நான் இறங்கிக்கொள்கிறேன்.