வளையம் மூடும் இடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் யார்க் நகரில், காப்பர்கேட் என்னும் பகுதியில், 1982ஆம் ஆண்டு 8ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. அதில் கழுத்தைக் காப்பதற்கென்று சிறு இரும்பு வளையங்களைக் கோத்த திரை ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைப் பற்றிக்கொள்ளும் அந்தச் சங்கிலிக் கவசப் பின்னலைத்தான் இன்றைய கைவினைஞர்கள் வெள்ளியிலும் நயோபியம் என்னும் உலோகத்திலும் கழுத்தணியாகப் பின்னுகிறார்கள். அந்த நகைகளைக் காணும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது வளையம் மூடும் இடத்தைத்தான்.

கவசம் செய்த கொல்லர், கம்பியின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தட்டையாக்கி, துளையிட்டு, கடுகளவு ஆணியால் அறைந்தார். வாள்வீச்சுக்கு வளையம் வாய் திறந்துவிடக் கூடாதல்லவா? நகை செய்பவர் பெரும்பாலும் அந்த ஆணியைக் கைவிட்டு, முனையோடு முனையைச் சேர்த்து நிறுத்திவிடுகிறார். ஆகவே அவருடைய பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. வெட்டுக்குறடால் நறுக்கிய கம்பியின் முனை கூம்பிப்போகும். மெல்லிய ரம்பத்தால் அறுத்ததே தட்டையாக நின்று, எதிர்முனையோடு இடைவெளியின்றிப் பொருந்தும். வளையத்தைத் திறக்கும்போதும் முனைகளை விலக்கி இழுத்தால் வட்டம் கெட்டுவிடும். இரு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருகித் திறந்து, அதே வழியில் திருப்பி மூட வேண்டும்.

இன்னொன்று, கணக்கு. வளையத்தின் உள்விட்டத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்தால் வரும் எண்ணே பின்னலின் தன்மையைத் தீர்மானிக்கிறது. பைசாந்தியம் என்று பெயர் பெற்ற, கயிறுபோல் திரண்ட சங்கிலிக்கு அந்த எண் 3.5 அளவில் இருப்பது நலம். அதாவது, 1 மில்லிமீட்டர் கம்பிக்கு 3.5 மில்லிமீட்டர் உள்விட்டம். உள்விட்டத்தை 5 ஆக்கினால் சங்கிலி தொளதொளத்து உருக்குலையும். உள்விட்டத்தை மாற்றாமல் கம்பியை மட்டும் 1.2 ஆக்கினாலோ விறைத்துப்போகும். நயோபியத்தின் நீலமும் ஊதாவும் சாயமல்ல. மின்சாரம் செலுத்தி வளர்த்த மெல்லிய ஆக்சைடு படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து காட்டும் நிறங்கள். கண்ணைக் கவரும் அந்த நிறத்துக்காகவே பலரும் வாங்குகிறார்கள். நான் அதற்கு இரண்டாம் இடமே தருவேன்.

வாங்க விரும்புவோர் அந்தச் சங்கிலியைப் பட்டுத் துணியின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வளையங்களில் ஒன்று சரியாக மூடாமல் இருந்தாலும், அதன் முனை பட்டின் இழையைப் பற்றி இழுத்துவிடும்.