கையில் எத்தனை மாதம் இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கி ஒன்றின் வீட்டுக் கடன் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தவள் நான். கடன் கேட்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன், வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். வேலையை விட்ட பிறகு வீட்டுக் கடனை எப்படிச் சமாளிப்பது என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தபோது, முதலில் என் நினைவுக்கு வந்தது ஒரு ரசீது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நாள் காலை நடுத்தர வயதுக்காரர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். வேலையை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. விட்டார் என்று சொல்வதைவிட, விடும்படி ஆகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கணக்கு முடித்துக் கொடுத்த தொகை முழுவதையும் காசோலையாகக் கொண்டுவந்திருந்தார். "மேடம், இதை அப்படியே வீட்டுக் கடன்ல கட்டிடறேன். கடன் குறைஞ்சுதுன்னா ராத்திரி தூக்கம் வரும்" என்றார்.

வாங்கிக்கொண்டேன். முத்திரை போட்டு ரசீது கொடுத்தேன். எழுத்து மங்கலாக விழுந்திருந்தது. "இன்னொரு தடவை அடிச்சுக் கொடுங்க மேடம், எனக்கு இது முக்கியம்" என்று கேட்டு வாங்கினார். நான்காக மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கடன் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

நான்காவது மாதம் திரும்பி வந்தார். அந்த மாதத் தவணையைக் கட்டப் பணம் இல்லை. அதே உறை, அதே ரசீது. மேசைமேல் வைத்து மடிப்பை விரலால் நீவி நீவிப் பிரித்தார். "இவ்வளவு கட்டியிருக்கேனே மேடம், ஒரு நாலஞ்சு மாசத் தவணையை இதுல கழிச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவர் கட்டியிருந்த தொகை ஏறக்குறைய 40 தவணைக்குச் சமம். ஆனால் அதில் ஒரு தவணையைக்கூடத் திருப்பி எடுக்க வழியில்லை. கட்டிய பணம் அசலில் போய்ச் சேர்ந்துவிட்டது. கடன் குறைந்தது உண்மை, கடைசித் தவணை முன்னால் வந்ததும் உண்மை. அடுத்த மாதம் கட்ட வேண்டிய தவணை மட்டும் அப்படியே நிற்கிறது. இதை அவரிடம் நான் சொல்லி முடித்த பிறகும் அவர் விரல் அந்த மடிப்பை நீவிக்கொண்டே இருந்தது.

காசோலையை வாங்கிய அன்று நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "சார், இதைக் கட்டிட்டா உங்க கையில எத்தனை மாசத்துக்குப் பணம் இருக்கும்?" கேட்கவில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் கேட்டேன். இன்றைக்கு உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். கையில் எத்தனை மாதம் இருக்கிறது?

எவ்வளவு பணம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எத்தனை மாதம் என்று கேட்கிறேன். தொகையாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியும், செலவு செய்யத் தோன்றும், கடனில் கொண்டுபோய்க் கட்டத் தோன்றும். மாதமாகப் பார்த்தால் அதன் உண்மையான அளவு தெரியும். வேலையை விட்ட வாரத்திலேயே ஒரு தாள் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வீட்டுத் தவணை, மற்றக் கடன்களின் தவணை, சாப்பாடு, மின்சாரம், மருந்து, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் கூட்டுங்கள். வருடத்துக்கு ஒரு முறை வரும் செலவுகளை மறந்துவிடாதீர்கள். காப்பீட்டுத் தவணை, வீட்டு வரி, பள்ளிக் கட்டணம் போன்றவற்றை 12-ஆல் வகுத்து மாதச் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வந்த கூட்டுத்தொகையால் கையிருப்பை வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் மாதங்கள்.

கையிருப்பு என்று எழுதும்போது நாளைக்கே எடுக்கக்கூடிய பணத்தை மட்டும் எழுதுங்கள். கம்பெனி கணக்கு முடித்துத் தர வேண்டிய தொகை கைக்கு வரும்வரை அது கணக்கில் கிடையாது. வேலை செய்த இடத்திலேயே முன்பணமோ கடனோ வாங்கியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். எதிர்பார்த்த தொகை பாதியாக வந்து நிற்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் கடனை முன்கூட்டியே கட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். கட்டலாம், நல்ல பழக்கம்தான். புது வேலை கிடைத்து, மூன்று சம்பளம் ஒழுங்காக வந்த பிறகு கட்டுங்கள். அதுவரை அந்தப் பணம் வங்கி வைப்பில் இருந்தால் கடன் வட்டிக்கும் வைப்பு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். சில வீட்டுக் கடன்களில் கூடுதலாகக் கட்டிய பணத்தை வேண்டும்போது திரும்ப எடுக்கும் வசதி உண்டு. உங்கள் கடன் அந்த வகையா என்று கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் என் மேசைக்கு வந்தவரின் கதைதான்.

சரி, மாதத்தை எண்ணிவிட்டீர்கள். நான்கு மாதம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எங்கே போக வேண்டும்? வங்கிக்கு. எப்போது? இப்போதே, ஒரு தவணைகூடத் தவறாத இந்த நேரத்தில்.

இதைத்தான் மக்கள் செய்யத் தயங்குகிறார்கள். வேலை போன விஷயம் வங்கிக்குத் தெரிந்தால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன், நம்புங்கள். தவணை தவறாத கணக்குக்காரர் ஒருவர், "வேலை போய்விட்டது, கையில் நான்கு மாதம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும்" என்று வந்து உட்கார்ந்தால் அவரை வைத்துப் பேச எங்களுக்கு இடம் இருந்தது. மூன்று தவணை தவறிய பிறகு வந்தால் அவருடைய கோப்பு வசூல் பிரிவுக்குப் போயிருக்கும். அபராதம் ஏறியிருக்கும், கடன் பதிவேட்டில் கறை விழுந்திருக்கும். ஆள் அதே ஆள்தான், பேசக்கூடிய இடம்தான் சுருங்கிவிடும். போகும்போது எழுத்தில் ஒரு கடிதம் கொண்டுபோங்கள். கொடுத்ததற்கு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக யார் என்ன சொன்னாலும் எழுத்தில் வரும்வரை அது நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே என்ன கேட்பது? இங்கே கொஞ்சம் கணக்கு வருகிறது. பேனா தேவையில்லை, மெதுவாகவே சொல்கிறேன்.

வட்டி வருடத்துக்கு 9 சதவீதம், கடன் 20 வருடத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடனில் எண்கள் வேறாக இருக்கும், போக்கு இதுதான். முதல் மாதம் நீங்கள் கட்டும் 100-இல் 83 வட்டிக்கே போய்விடும், அசலில் சேர்வது 17-தான். ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவருக்கும் அசலில் 100-க்கு 89 இன்னும் பாக்கி இருக்கும். பாதி அசல் கழிவதற்கு 14 வருடம் ஆகும். இதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். வங்கியில் எதைக் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்துதான் வருகிறது.

இப்படி ஐந்து வருடம் கட்டி, 180 தவணை பாக்கி இருக்கும் ஒருவர், ஆறு மாதம் எதையும் கட்டாமல் தள்ளிவைக்கிறார். வங்கி சம்மதித்துத்தான் தருகிறது, அபராதம் இல்லை. ஆனால் அந்த ஆறு மாத வட்டி அசலோடு சேர்ந்துவிடும். பழைய தவணையையே மறுபடி கட்ட ஆரம்பித்தால் பாக்கி 180 தவணையாக இருக்காது, 199 ஆகிவிடும். ஆறு தவணையை நிறுத்தியதற்குப் பத்தொன்பது தவணை கூடுதல். தவணை விடுப்பு என்று கேட்கும்போது விடுமுறை மாதிரி காதில் விழுகிறது. அந்த மாதங்களிலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அதே மனிதர் ஆறு மாதமும் வட்டியை மட்டும் கட்டினால்? தவணை 100 என்றால் அவர் கட்ட வேண்டியது 74. கடன் ஏறாது. ஆறு மாதம் கழித்து அதே 180 தவணைதான். அதனால் கையில் கொஞ்சமாவது இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது, "சில மாதத்துக்கு வட்டி மட்டும் கட்ட அனுமதி கொடுங்கள்" என்பதைத்தான். முழு நிறுத்தம் வேறு வழியே இல்லாதபோது.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள், காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பது. 15 வருடப் பாக்கியை 25 வருடமாக நீட்டினாலும் 100 கட்டிய இடத்தில் 83 கட்ட வேண்டியிருக்கும். பத்து வருடம் கூடுதலாகக் கட்டி மாதம் 17 மிச்சம். புது வேலையில் சம்பளம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்றால் சரி. நான்கைந்து மாதத் தட்டுப்பாட்டுக்காக இதில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ரசீது கொண்டுவந்தவர் என்ன ஆனார் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டும் ஏற்பாட்டுக்கு நானே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன். ஏற்கெனவே அசலில் நிறையக் கட்டியிருந்ததால் அவருக்கு வட்டி குறைவாகத்தான் வந்தது, அந்த வகையில் அவருடைய காசோலை உதவியது. ஆனால் அந்தக் குறைந்த வட்டியைக் கட்டவே அவர் தம்பியிடம் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. ஏழாவது மாதம் குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தது. வீடு தப்பித்தது. தம்பியிடம் கையேந்த வேண்டி வந்ததைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

அப்புறம் மற்றக் கடன்கள். இதில் ஒன்று கவனித்திருக்கிறேன். கிரெடிட் கார்டு கடனுக்கு ஒரு நாளைக்குப் பத்து முறை போன் வரும். வீட்டுக் கடன் கொடுத்தவர்கள் ஆரம்பத்தில் சத்தமில்லாமல் ஒரு கடிதம்தான் போடுவார்கள். மனிதர் என்ன செய்வார்? போன் நிற்க வேண்டும் என்பதற்காகக் கையில் இருப்பதைக் கார்டுக்குக் கட்டிவிடுவார், கடிதம் மேசையில் பிரிக்காமல் கிடக்கும். யார் அதிகம் கத்துகிறார்கள் என்று பார்த்துக் கட்டாதீர்கள். கட்டாவிட்டால் எது போகும் என்று பாருங்கள். குடியிருக்கும் வீடு, மின்சாரம், தண்ணீர், வேலை தேட வேண்டிய வண்டியும் போனும் முதலில் வரட்டும். எதையும் அடமானம் வைக்காமல் வாங்கிய கடன்கள் அடுத்து. அதற்காகக் கார்டைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. மாதம் 3 சதவீதம் என்று சின்னதாகத் தெரியும் வட்டி, வட்டிக்கு வட்டியாக ஏறினால் வருடத்தில் 42 சதவீதத்தைத் தாண்டிவிடும், இரண்டே வருடத்தில் கடன் இரட்டிப்பாகும். அவர்களிடமும் பேசுங்கள், கார்டை முடக்கிவிட்டுப் பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கார்டில் பணம் எடுத்து வீட்டுத் தவணை கட்டுவது. கார்டில் ரொக்கம் எடுத்தால் பொதுவாக அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். 9 சதவீதக் கடனை 40 சதவீதக் கடனாக நீங்களே மாற்றிக்கொள்கிறீர்கள்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். இதைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. அந்தத் தாளை ஒருவராக உட்கார்ந்து எழுதாதீர்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். பிள்ளைகள் வளர்ந்தவர்கள் என்றால் அவர்களும் பார்க்கட்டும்.

வீட்டை விற்பது பற்றி வேகமாக ஒரு வார்த்தை. மாதங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, வேலைக்கு வழி தெரியவில்லை என்றால், கையில் மூன்று மாதம் மிச்சம் இருக்கும்போதே நீங்களாக விற்கப் பாருங்கள். வங்கியிடம் சொல்லிவிட்டே விற்கலாம், வாங்குபவர் பணத்தில் கடன் முதலில் தீரும், மீதி உங்களுக்கு. ஏலத்துக்குப் போன வீடு பெரும்பாலும் குறைந்த விலைக்குத்தான் போகும், செலவையும் உங்கள் கணக்கில்தான் எழுதுவார்கள். விற்ற பிறகும் கடன் தீராவிட்டால் பாக்கியை உங்களிடம் கேட்கவும் கூடும்.

கடைசியாக, உங்கள் கடனுக்கு யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்று மாலையே அவரைப் போய்ப் பாருங்கள். நீங்கள் கட்டாத தவணைக்கு அவரிடம் கடிதம் போகும். அது போவதற்கு முன்னால் உங்கள் வாயால் அவருக்குத் தெரிய வேண்டும். அந்தத் தாளையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.

நேரம் முடிந்தது என்கிறார்கள். வணக்கம்.