தலைகீழா தொங்கவிட்டு டிசைன் பண்ணின சர்ச்!

ஒரு சர்ச்சோட உருவத்தைக் கயித்துல கட்டி, தலைகீழா தொங்கவிட்டு முடிவு பண்ணியிருக்காரு ஒருத்தர். அதுக்கே பத்து வருஷம்! வணக்கம் நண்பர்களே, வாங்க பாக்கலாம்.

(திரையில்: கையில் கழுத்துச் செயின்)

ரெண்டு முனையையும் பிடிச்சு செயினைத் தொங்கவிடுறேன். இந்த வளைவு பாக்க பரவளையம் மாதிரி இருக்கும், ஆனா இல்ல. 1690-ல கணித மேதை ஜேக்கப் பெர்னூலி, இது என்ன வளைவுன்னு கண்டுபிடிங்கன்னு சவால் விட, அடுத்த வருஷமே லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், ஜேக்கபோட தம்பி யோகான் மூணு பேரும் விடை சொல்லிட்டாங்க. பேரு கேட்டனரி. கணக்கு இவ்வளவு போதும்.

செயினை இழுக்கலாம், தள்ள முடியாது, தள்ளினா மடங்கிடும். அதனால தொங்குற செயின்ல ஒவ்வொரு கண்ணியிலயும் இருக்கிறது இழுவிசை மட்டும்தான். இதே வளைவைக் கல்லுல கட்டி நிமித்தி வெச்சா, அந்த இழுவிசை முழுக்க அழுத்தமா மாறிடும். கல்லு அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தாதான் விரிசல் விடும். இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இதை 1675-லயே கண்டுபிடிச்சு, எழுத்துகளைக் கலைச்சுப்போட்டுப் புதிரா அச்சடிச்சாரு. விடை வெளிய வந்தது 1705-ல, அவர் இறந்து ரெண்டு வருஷம் கழிச்சு!

(திரையில்: கயிறு மாடல்)

இப்ப நம்ம ஆளு, கட்டடக் கலைஞர் அன்டோனி கௌடி. பார்சிலோனா பக்கத்துல கொலோனியா குயெல்னு ஒரு ஆலைத் தொழிலாளர் ஊர். 1898-ல அங்க சர்ச் கட்டுற வேலை இவர்கிட்ட வருது. பத்துல ஒரு பங்கு அளவுல கயித்தைத் தொங்கவிட்டு, அதுல குட்டிக் குட்டிப் பை கட்டுறாரு. பைக்குள்ள ஈயக்குண்டு. கட்டடத்துல அந்த இடம் தாங்க வேண்டிய எடை எவ்வளவோ, அதுல பத்தாயிரத்துல ஒரு பங்கு. ஒரு பையில கொஞ்சம் குண்டு கூட்டினா, மொத்த வலையும் அசைஞ்சு புது உருவத்துக்கு வந்து நிக்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, புவியீர்ப்பே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கு! அதை ஃபோட்டோ எடுத்து, தலைகீழாத் திருப்பி, அது மேலயே சர்ச்சை வரைஞ்சாரு.

எடை இடத்துக்கு இடம் மாறுறதால அந்த வளைவுகள் சுத்தமான கேட்டனரி இல்ல. என்னைக் கேட்டா, அழகே அங்கதான். ஃபார்முலாவைத் தேடாம, கட்டடத்தோட பாரத்துகிட்டயே கேட்டு வளைவை வாங்கியிருக்காரு.

1908-ல கட்ட ஆரம்பிச்சு, 1914-ல வேலை நின்னுபோச்சு. எழும்பினது கீழ்த்தளம் மட்டும்தான். அங்க தூணெல்லாம் சாய்ஞ்சு நிக்கும். கயிறு எந்தப் பக்கம் சாய்ஞ்சுதோ, தூணும் அந்தப் பக்கம்.

(திரையில்: மாடலின் படம், பத்து நொடி)

ஃபோன்ல ஆட்டோ ரொட்டேட்டை ஆஃப் பண்ணிட்டு, இப்பத் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்க. கோபுரம் தெரிஞ்சுதா? கமெண்ட்ல சொல்லுங்க.