உறையைத் தூக்கிப் போடாதீர்கள்
(பெங்களூரு அல்சூரில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாக்களே, பொன்னாடைகளோடு காத்திருக்கும் செயலாளர் அவர்களே, மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

1780இல் தொடங்கிய மெட்ராஸ் சப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைக்கு நம் ஏரிக்கரைதான் தாய்வீடு. ‘தம்பி’ என்று அழைக்கப்படும் அந்தப் படைவீரர்களின் இரண்டாம் உலகப் போர்க்கால முகாம் வாழ்க்கையை உணவு, உறக்கம், கடிதம் என மூன்றாகப் பிரித்துப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன்.

‘எலி வளையானாலும் தனி வளை’ என்பார்கள். கூடாரத்தில் அது கிடையாது. பத்துப் பேர் மூச்சில் ஒருவன் தூங்க வேண்டும். மழைக்கு முன் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டாவிட்டால் இரவில் படுக்கை நனையும். பர்மா முனையில் மலேரியாவுக்குத் தினம் ஒரு மெபக்ரின் மாத்திரை, தோல் மஞ்சளாகிவிடும். பகலில் பாலம் கட்டும் வேலை. துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டும் இரும்புப் பாலமான பெய்லி பாலத்தின் ஒரு பேனல் 10 அடி நீளம், 570 பவுண்டு. தூக்க ஆறு பேர். ஒருவன் கால் வழுக்கினால் மற்ற ஐவரின் விரல்கள் போகும். 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் ‘சிந்துவின்’ (Chindwin) என்ற ஆற்றின்மேல் இப்படிப் போட்ட மிதவைப் பாலம் 1,154 அடி.

அத்தனைக்கும் நடுவே அவனுக்கென்று இருந்த தனி வளை, கடிதத்தாள். அதிலும் அதிகாரி கண் வைப்பார். முகாம் இருக்கும் ஊரின் பெயர் இருந்தால், ரகசியம் காக்கக் கத்தரித்துவிடுவார்.

இதைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஒரு கிராமத்துக்கு அப்படி ஓட்டை விழுந்த கடிதம் வந்தது. தபால்காரர்தான் படித்துச் சொல்பவர். “நான் நலம். இங்கே...” என்று ஓட்டைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். திண்ணையில் பஞ்சாயத்தே கூடிவிட்டது. மலேயா என்றார் ஒருவர், மிசிர் (எகிப்து) தேசம் என்றார் மற்றவர். ஆயா தாளைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இந்த வழியாப் பார்த்தாலும் பையன் தெரியலையே!” என்றாளாம். தபால்காரர் சமாளித்தார்: “பாட்டி, இந்தத் துண்டை மட்டும் அவன் கையோட வச்சிக்கிட்டான்.” “அப்போ எனக்கும் ஒரு துண்டு வெட்டிக் குடு, பதிலோட அனுப்பறேன்!”

சிரிக்கிறீர்கள். அந்த உறை இன்று நம் கையில் இருந்தால் அந்தத் திண்ணைச் சண்டை பாதி தீர்ந்துவிடும்! வட்ட முத்திரையில் கள அஞ்சலகத்தின், அதாவது படையோடு செல்லும் தபால் நிலையத்தின், எண்ணும் தேதியும் இருக்கும். எந்தத் தேதியில் எந்த எண் எங்கே இயங்கியது என்பதற்கு அஞ்சல் முத்திரை சேகரிப்போரிடம் பட்டியல்கள் உண்டு. நம் வீடுகளில் தாளை வைத்துக்கொண்டு உறையை அடுப்பில் போடுகிறோம். தபால்தலைக்காக முத்திரையோடு கத்தரித்தும் விடுகிறோம்.

ஆகவே என் வேண்டுகோள். பழைய டிரங்குப் பெட்டியில் கடிதம் இருந்தால் லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப் பழுப்பேறித் தாளைத் தின்னும். மடிப்பு விறைத்திருந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள். பலர் காப்பிங் பென்சிலில் எழுதினார்கள். ஈரம் பட்டால் எழுத்து ஊதாவாகக் கரைந்தோடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், இருபுறமும் படமெடுங்கள். ஸ்கேனர் என்றால் 600 டிபிஐ, வண்ணத்தில். கடிதத்துக்கும் ஒரு தனி வளை, அமிலமில்லாத காகித உறை, கொடுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உணவும் உறக்கத்தின் மீதியும் இன்னொரு மேடைக்கு. வரும் ஞாயிறு காலை இதே கூடத்தில் மேசை போட்டிருப்போம். படமெடுத்து அங்கேயே திருப்பித் தருவோம். உறையோடு வாருங்கள். கிறுக்கல் கையெழுத்து புரியும் பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையும் ஆட்டோவில் அழைத்து வாருங்கள். வணக்கம்.