மலை இறங்கிய பிறகு வீட்டுக் கணினியை எழுப்புவது

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அடிக்கடி மேட்டுப்பாளையம், கோவை என்று மலை இறங்குகிறவர்களுக்காக இன்று பேசுகிறேன். நாம் கீழே இருப்போம், வேண்டிய ஃபைல் மேலே இருக்கும். இதற்குப் பயந்தே பலர் கிளம்பும்போது கணினியை ஓடவிட்டுப் போய்விடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேஜைக் கணினி ஒன்று சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே சுமார் 50 வாட் இழுக்கும். நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். நமக்கு இலவசமாகக் கிடைப்பதே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான். அதில் முக்கால்வாசியை ஆளில்லாத வீட்டில் ஒரு பெட்டி தின்றுவிடுகிறது. அதையே ஸ்லீப்பில் போட்டால் இரண்டு வாட் போதும். இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட். 72 எங்கே, மூன்று எங்கே!

சரி, தூங்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். கீழே இருந்து எப்படி எழுப்புவது?

அடுத்த முறை கணினி தூங்கும்போது அதன் பின்பக்கம் பாருங்கள். இன்டர்நெட் கேபிள் செருகியிருக்கும் இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கும். திரை அணைந்து, மின்விசிறி நின்று, மற்றதெல்லாம் அடங்கினாலும் நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது. அது ஒரே ஒரு செய்திக்காகக் காத்திருக்கிறது. மேஜிக் பாக்கெட் என்று அதற்குப் பெயர். ஏஎம்டி கம்பெனியும் எச்பியும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்தது. அதில் மாயம் ஒன்றும் இல்லை. முதலில் ஆறு பைட் அடையாளக் குறி, பிறகு அந்தக் கார்டின் சொந்த எண் 16 தடவை. மொத்தம் 102 பைட். தன் எண்ணை அப்படி 16 தடவை கேட்டதும் கார்டு கணினியை எழுப்பிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், இதைத் திரும்பவும் சொல்வேன். இது ஒரே கட்டடத்துக்குள் கூப்பிடுவதற்காகச் செய்த ஏற்பாடு. அலுவலகத்துக் கணினிகளை ராத்திரியில் எழுப்பிப் பராமரிப்பதற்கு. வெளியூரிலிருந்து கூப்பிடும்போதுதான் சிக்கல் வருகிறது.

என்ன செய்கிறார்கள் என்றால், ரூட்டரில் ஒரு வழி திறந்து, வெளியிலிருந்து வரும் செய்தியைக் கணினிக்குத் திருப்பிவிடுகிறார்கள். கணினியைத் தூங்கவைத்து, போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அனுப்பிப் பார்ப்பார்கள். டக்கென்று எழுந்துவிடும். ஒரே சந்தோஷம். மறுநாள் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அனுப்பினால் அசையாது. ஏன்? எந்த முகவரி எந்தக் கார்டுக்கு என்று ரூட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தூங்குகிற கணினி பெரும்பாலும் அதற்குப் பதில் சொல்வதில்லை. அதனால் சிறிது நேரத்தில் அந்த வரியை ரூட்டர் அழித்துவிடுகிறது. பிறகு வரும் செய்தியை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் கீழே போட்டுவிடும்.

இன்னொரு சிக்கல், இப்போது பல இணைப்புகளில் நம் வீட்டுக்கென்று தனி முகவரியே கிடையாது. எஸ்டேட் லயன் வீடுகளுக்கு வரும் தபால் எல்லாம் எஸ்டேட் ஆபீஸ் விலாசத்துக்கு வருகிறதல்லவா? அதுபோல நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரி. நீங்கள் அனுப்பிய செய்தி உங்கள் ரூட்டர் வரைக்கும்கூட வந்து சேராது.

கோத்தகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு இலை ஏஜென்ட். சின்ன விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்குப் போடுகிறவர். பட்டுவாடாக் கணக்கெல்லாம் வீட்டுக் கணினியில். கோவையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் கணக்கு வேண்டியிருக்கிறது. அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, என் ரூமுக்குப் போ. அந்தப் பெட்டியில ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கு."

"எந்தப் பெட்டிடா? பெருசா, சின்னதா?"

"லைட் எரியுதுல்ல, அதும்மா."

"ஆங், அமுக்கிட்டேன். நாலு பச்ச லைட் எரிஞ்சுது, இப்ப ஒண்ணும் எரியலை."

ரூட்டர் போயிற்று! அதை மறுபடி போடவைத்து, மேஜைக்கு அடியில் குனியவைத்து, அந்த அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி தேடி, கால் மணி நேரம். பந்தியில் இலை போட்டுவிட்டார்கள், இவர் மண்டப வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். ஆனால் கடைசியில் கணினி எழுந்தது, எழுப்பியது வீட்டுக்குள் இருந்த ஒருவர். நான் சொல்ல வந்ததும் அதுதான். வெளியிலிருந்து நேராகக் கூப்பிடாதீர்கள். வீட்டுக்குள் ஒன்றை விழித்திருக்க வைத்து, அதன் மூலம் கூப்பிடுங்கள்.

அவர் வீட்டில் இப்போது ராஸ்பெர்ரி பை என்கிற சீட்டுக்கட்டு அளவுக் கணினி ஒன்று ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று நான்கு வாட்தான். அதில் டெயில்ஸ்கேல் என்கிற, வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருளைப் போட்டிருக்கிறார். அது உள்ளேயிருந்து வெளியே போய் இணைத்துக்கொள்வதால் தனி முகவரி தேவையில்லை, ரூட்டரில் வழி திறக்கவும் வேண்டாம். போனிலிருந்து அதற்குச் சொன்னால், அது வீட்டுக்குள்ளேயே மேஜிக் பாக்கெட்டை அனுப்பும். அம்மாவுக்கும் நிம்மதி.

அடுத்தது பவர் கட். 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மலை இது. ஆனால் காற்று மழையில் ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாய்ந்தால் ராத்திரி முழுக்க இருட்டில் உட்கார்ந்திருப்பதும் நாம்தான். கரண்ட் போய் வந்தால் கணினி தூக்கத்தில் இருக்காது, முழுதாக அணைந்திருக்கும். சில கணினிகளில் நெட்வொர்க் கார்டும் அதன்பிறகு செய்தியைக் கேட்காது. இதற்கு வழி பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் வரும் கணினியின் அடிப்படை அமைப்புகளில் இருக்கிறது. கரண்ட் திரும்பியதும் தானாக இயங்கு என்று ஓர் அமைப்பு உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். விண்டோஸில், அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கு என்று வையுங்கள். கரண்ட் வந்ததும் கணினி எழும், யாருமில்லை என்று மறுபடி தூங்கும், கார்டும் காத்திருக்கும். ரூட்டருக்கும் அந்த ராஸ்பெர்ரி பை கணினிக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று போதும்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பாதுகாப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்று மட்டும், தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், கண்டவனெல்லாம் வந்து கதவைத் தட்டுவான். இப்படி எழுப்புகிற வசதிக்கு வேக்-ஆன்-லேன் என்று பெயர், அதை பயாஸிலும் விண்டோஸிலும் இரண்டு இடத்திலும் போட வேண்டும். விண்டோஸில் சீக்கிரம் தொடங்குவதற்காக இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். கணினிக்கு வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள். வணக்கம்.