சாட்சி உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள்
(குமாரபுரம் படுகொலையின் முப்பதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, வணக்கத்துக்குரிய அருட்தந்தை அவர்களே, மூதூரிலிருந்து வந்திருக்கும் மௌலவி அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, இந்த வழக்குகளுக்காகக் கட்டணம் வாங்காமல் அலைந்த சட்டத்தரணிகளே, பந்தல் போட்ட இளைஞர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நிற்பதால் என் பேச்சைக் கேட்க முடியாத மாதர் சங்கத்துச் சகோதரிகளே, எல்லாருக்கும் முன்னால் உறவுகளை இழந்த குடும்பத்தாரே, வணக்கம். யாருடைய பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தலைவர் எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார். அதில் இரண்டு நிமிடம் இப்போதே போய்விட்டது.

மூன்று விடயங்களைப் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, நீதிமன்றங்களில் நடந்தது. இரண்டு, இழப்பீடு. மூன்று, நினைவுத்தூபிகளை யார் பராமரிப்பது என்பது. முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

1996 பெப்ரவரி 11. இலங்கை இராணுவத்தினர் நம் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்துக்குள் நுழைந்து 24 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். விவரத்தை நான் சொல்லப்போவதில்லை. சொல்ல உரிமை உள்ளவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அதன் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். வழக்கு இந்த மாவட்டத்தை விட்டு அனுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்குப் போனது. இங்கிருந்து பஸ் ஏறிப் போய், சீருடைக்காரர் கூட்டத்துக்கு நடுவே நின்று, "இவர்தான்" என்று விரல் நீட்டிக் காட்டினார்கள் நம் ஊர்ச் சனங்கள். 2016 ஜூலை 27ஆம் திகதி, எஞ்சியிருந்த ஆறு முன்னாள் இராணுவக் கோப்ரல்களும் ஜூரி சபையின் முடிவோடு விடுதலையானார்கள். இருபது ஆண்டு காத்திருந்ததற்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இந்தப் பழமொழியை நான் எந்த மேடையிலும் விடுவதில்லை. இங்கே கஞ்சியை ஆறவிட்டது சமைத்தவர் அல்லர், பரிமாற வேண்டியவர். (கஞ்சி என்றதும் சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். 2024 மே மாதம் இதே சம்பூர்ப் பக்கத்தில் 2009 போரின் இறுதியில் மடிந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். நான் சொல்வது பழமொழிதான். பொலிஸ் தம்பி குறிப்பெடுப்பதானால் அதையும் சேர்த்து எடுக்கட்டும்.)

குமாரபுரம் ஒன்றுக்குத்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். மயிலந்தனையிலும் 1992 ஆகஸ்ட் 9இல் இராணுவத்தினர் ஊர்ச் சனங்களைக் கொன்றார்கள். மட்டக்களப்பில் தொடங்கிய வழக்கு பொலநறுவைக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போய், பத்து ஆண்டு கழித்து 2002இல் எல்லாரும் விடுதலை. திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில், குற்றம் சாட்டப்பட்ட பொலிஸ்காரர் 13 பேரும் விடுதலை. போதிய சான்று இல்லையாம். எப்படி இருக்கும்? உயிருக்குப் பயந்து சாட்சிகள் நாட்டை விட்டே போய்விட்டார்கள்.

யாழ்ப்பாணத்து மிருசுவிலில் என்ன நடந்தது? 2000 டிசம்பரில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. அடிபட்டுத் தப்பி ஓடிய ஒருவர் உயிரோடு இருந்தார், சாட்சி சொன்னார். 2015இல் ஓர் இராணுவத்தினருக்கு மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், நாடு ஊரடங்கில் கிடந்தபோது, அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பொதுமன்னிப்புக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார். கோபம் வருகிறதா? எனக்கும் வருகிறது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கைதியை விடுவிக்க ஜனாதிபதியால் முடிந்தது. குற்றம் நிரூபிக்கப்பட்டது என்ற தீர்ப்பை அழிக்க அவரால் முடியவில்லை. அந்தத் தீர்ப்பு ஒரு மனிதரின் வாயிலிருந்து வந்தது.

இங்கே ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரும் பேரும் வேண்டாம். மகனைப் பறிகொடுத்தவர். எந்த விசாரணை ஆணைக்குழு வந்தாலும் போவார். சேலைத் தலைப்பில் முடிந்த பணம், ஒரு பொலித்தீன் பை, பைக்குள் மகனின் பாடசாலைப் படம், ஒவ்வோர் அலுவலகமும் கொடுத்த துண்டுகள். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். முதலில் ஒரு மேசையில் படிவம். "சம்பவத்துக்கு முன் உங்களுக்கு எத்தனை மாடு?" என்று கேட்டார்கள். "ஆறு" என்றார். "ஆட்டுக்கு வேறு கோடு, மாட்டுக்கு வேறு கோடு, சரியாகச் சொல்லுங்கள்" என்றார் எழுதுநர். "தம்பி, மகனுக்கு எந்தக் கோடு?" என்று கேட்டார் அம்மா. அந்தப் பையன் பாவம், படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

பிறகு உள்ளே அழைத்தார்கள். அம்மா பேசத் தொடங்கினார். விடிந்ததிலிருந்து தொடங்கினார், அன்று காலை மகன் பழஞ்சோறு வேண்டாம் என்று சொன்னதையும் விடவில்லை. கால் மணி நேரம். யாரும் குறுக்கிடவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்கள். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதை ஆணையாளர்களுக்கு இரண்டு வரியில் சொல்லி முடித்தார். ஆணையாளர்கள் தலையசைத்தார்கள். "நன்றி அம்மா, போகலாம்" என்றார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. சிங்களத்தில் ஒரு சொல் தெரியாத அந்த மனுசி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஐயா, என் மகனின் பெயரை அவர் சொல்லவே இல்லையே!" அதன் பிறகு திரும்பத் தொடங்க வேண்டி வந்தது. பழஞ்சோற்றிலிருந்து. அன்று மதியச் சாப்பாடு அவர்களுக்கு இரண்டரை மணிக்குத்தான்.

நன்றாகக் கைதட்டுங்கள், அந்த அம்மாவுக்கு அது சேரட்டும். இப்போது அவர் இல்லை. அவர் சொன்னது ஏதோ ஓர் அலுமாரியில் இருக்கலாம். நம்மிடம் ஒரு பிரதி கிடையாது. அதனால்தான் எங்கே போனாலும் இந்த ஒன்றையே கத்துகிறேன். பத்து வயதில் ஓடி ஒளிந்து பார்த்த பிள்ளைக்கு இன்று நாற்பது. அன்று நாற்பதாக இருந்தவருக்கு எழுபது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறோம், ஆண்டுதோறும் முன்வரிசையில் ஒரு நாற்காலி குறைகிறது.

ஒவ்வொருவரும் கண்டதைக் கண்டபடி, சத்தியம் செய்து கையெழுத்திடும் சத்தியக்கடதாசியாக எழுதி வையுங்கள். கேள்விப்பட்டதைக் கலக்காதீர்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதுங்கள். அது மட்டும் போதாது, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டு நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியமே சாட்சி இறந்த பிறகு வலுவாக நிற்கும் என்று நம் சட்டத்தரணி ஐயா சொல்வார். உண்மைதான். ஆனால் இங்கே வழக்கு எப்போது வரும் என்று யார் சொல்வது? 2021 மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானம், சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் வேலையை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்திடம் ஒப்படைத்தது. பின்னரும் அது நீடிக்கப்பட்டிருக்கிறது. ஜெனீவா ஒரு நீதிமன்றம் அல்ல, தண்டனை கொடுக்காது. அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருபவர்கள் இதை உங்களுக்குச் சொல்வதில்லை. ஆனால் அங்கே சேரும் தாளை இங்கே எவரும் கொளுத்த முடியாது.

தலைவர் மணியைத் தொடுகிறார். இழப்பீடும் தூபியும் அப்படியே நிற்கின்றன. தவிசாளர் ஐயா, தூபிக்குப் போகும் பாதையையாவது மழைக்கு முன் போட்டுத் தாருங்கள். மற்றதை அடுத்த ஆண்டு பேசலாம்.

பந்தலுக்குப் பின்னால் மேசை போட்டிருக்கிறோம். சத்தியக்கடதாசியை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் ஐயா ஆறு மணி வரை இருப்பார். இரண்டு சட்டத்தரணிகள் எழுதித் தருவார்கள், தமிழில்தான் எழுதுவார்கள், முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. அடையாள அட்டை இல்லாதவர்களும் வாருங்கள், அதற்கு வழி பார்க்கலாம். நடக்க முடியாதவர்களின் வீட்டு விவரத்தை மாதர் சங்கத்திடம் கொடுங்கள், நாங்கள் வருகிறோம். பிரதி ஒன்று உங்கள் கையில், ஒன்று சட்டத்தரணியிடம், ஒன்று வெளியே போகும். முதலில் முன்வரிசை. மற்றவர்கள் அவர்களுக்கு வழி விடுங்கள்.